கோப முகம், சிரித்த முகம், பொருளற்ற உருவம்: சமானத் தொடர்புச் சோதனையில் உணர்ச்சியை எங்கே வைப்பது?

மின்மினி (இழையைத் தொடங்கியவர்)

முதுகலை ஆய்வுக்கான ஒரு சோதனை வடிவத்தை இங்கே வைக்கிறேன். ஓட்டைகளைச் சொல்லுங்கள்.

மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு உறுப்புகள். ஏ1 சிரித்த முகம், ஏ2 உணர்ச்சி காட்டாத முகம், ஏ3 கோப முகம். பி, சி, டி எல்லாமே அர்த்தமில்லாத கறுப்பு வெள்ளை உருவங்கள். மாதிரிக்குப் பொருத்தும் முறையில் (திரையில் ஒரு மாதிரியைக் காட்டி, கீழே வரும் தெரிவுகளில் அதற்கு உரியதை எடுக்கச் சொல்வது) ஏ–பி, ஏ–சி, சி–டி ஆகிய மூன்றை மட்டும் கற்பித்து, கற்பிக்காத பி–டி, டி–பி தானாக வருகிறதா என்று பார்ப்பது. அடுத்து டி1, டி2, டி3 உருவங்களை எதிர்ச்சொல் அளவுகோலில், அதாவது 'நல்ல – கெட்ட' போன்ற இணைகளுக்கு நடுவே ஒரு புள்ளியைக் குறிக்கும் தாளில், மதிப்பிடச் சொல்வது. எந்த முகத்தோடும் ஒருமுறைகூடச் சேர்ந்து வராத டி3 'கெட்டது' பக்கம் சாய்ந்தால், முகத்தின் கோபம் தொடர்பு வழியே அங்கே போய்ச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

எனக்குள்ள சந்தேகம் இதுதான். கோபத் தொகுதி மட்டும் உருவாக அதிக நேரம் எடுத்தால், அல்லது உருவாகாமலே போனால், அதை முடிவாக எடுப்பதா, வடிவத்தின் கோளாறாக எடுப்பதா? முகங்களை முனையில் வைப்பதா நடுவில் வைப்பதா என்பதும் புரியவில்லை.

நெல்லிமரம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் கல்வியியல் பக்கம். 'சமானத் தொடர்பு' என்றால் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வரும் அதேதானா?

தச்சுக்கோல்

அதேதான் நெல்லிமரம், பெயரே கணிதத்திலிருந்து வந்ததுதான். தற்சுட்டு, சமச்சீர், கடப்பு ஆகிய மூன்று பண்புகளும் இருந்தால் அது சமானத் தொடர்பு. நடத்தை ஆய்வாளர்கள் மர்ரே சிட்மன், டெய்ல்பி இருவரும் 1982இல் இந்த மூன்றையும் அப்படியே நடத்தைக்கான அளவுகோலாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் தன்னோடே பொருந்துவது தற்சுட்டு. ஏ-யைக் காட்டினால் பி-யைத் தேர்வு செய்யப் பழக்கிவிட்டு, பி-யைக் காட்டினால் ஏ-யை எடுக்கிறாரா என்று கேட்டால் அது சமச்சீர். ஏ–பி, பி–சி பழக்கிவிட்டு ஏ–சி கேட்டால் கடப்பு. கற்பிக்காதது தேர்வில் வந்தால்தான் அந்த உருவங்கள் ஒன்றுக்கொன்று குறியீடாகிவிட்டன என்று சொல்ல உரிமை உண்டு. வெறும் பழக்கத்தையும் பொருளையும் பிரிக்கும் கோடு அது.

வேர் இன்னும் பழையது. 1971இல் சிட்மன் வெளியிட்ட ஆய்வில் அறிவுத்திறன் குறைபாடு கடுமையாக இருந்த 17 வயதுப் பையன் ஒருவன். சொல்லைக் கேட்டால் படத்தைக் காட்டுவான், படத்துக்குப் பெயரும் சொல்வான், ஆனால் வாசிக்கத் தெரியாது. கேட்ட சொல்லுக்கு அச்சிட்ட சொல்லைப் பொருத்த 20 சொற்களில் மட்டும் கற்பித்தார்கள். அச்சுச் சொல்லைப் படத்தோடு பொருத்துவதும், அச்சுச் சொல்லை வாய்விட்டு வாசிப்பதும் கற்பிக்காமலே வந்தன. கல்வியியல் பக்கம் இருப்பவர் என்பதால் சொல்கிறேன், இதைத் தேடிப் படியுங்கள்.

இனி மின்மினியின் வடிவம். எலும்புக்கூடு சரியாக இருக்கிறது. பிரேசிலில் சாவ் கார்லோஸ் பல்கலைக்கழகத்தில் பொர்த்தொலோத்தி, தெ ரோஸ் இருவரும் வெளியிட்ட 2009 ஆய்வு போன்றவற்றின் அடிச்சுவடு இது. சரிப்படுத்த வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் தெரிவுகளின் எண்ணிக்கை. கீழே மூன்று தெரிவுகள் வர வேண்டும், இரண்டு போதாது. இரண்டே இருந்தால் சரியானதை எடுக்காமல் தவறானதை விலக்கியே ஒருவர் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். கோப முகம் இருக்கும் சோதனையில் இது இன்னும் ஆபத்து. கோபத்தோடு ஒட்டியதை விலக்குவதையே விதியாகப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து தாமதம். மாதிரியைத் திரையில் வைத்தபடியே தெரிவுகளைக் காட்டாதீர்கள். மாதிரி மறைந்து 2 விநாடி கழித்துத் தெரிவுகள் வரட்டும். 2009 ஆய்வில் இந்தத் தாமதம் வைத்துப் பழகியவர்கள், முகத்தோடு நேரடியாகச் சேராத உருவத்துக்குக் கொடுத்த மதிப்பீடு, முகங்களுக்கே கொடுக்கும் மதிப்பீட்டுக்கு மிக அருகில் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் இருந்த குழுவில் பொருத்துதல் சரியாக இருந்தும் உணர்ச்சி அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. மாதிரி கண்முன் இருந்தால் வடிவத்தின் மூலை முடுக்கை ஒப்பிட்டே விடை எடுக்க முடிகிறது, மறைந்துவிட்டால் அதை மனத்தில் ஏந்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பது என் புரிதல்.

முயற்சிக் கணக்கு இப்படி வையுங்கள். ஏ–பி சுற்றில் 18 முயற்சி: மூன்று மாதிரியும் ஆளுக்கு 6 முறை, சரியான தெரிவு இடது, நடு, வலது மூன்றிலும் இரண்டிரண்டு முறை. ஒரே மாதிரியோ ஒரே இடமோ தொடர்ந்து மூன்றாவது முறை வரக்கூடாது. 17/18 கிடைத்தால்தான் அடுத்தது. பிறகு ஏ–சி 18, இரண்டும் கலந்து 36, சி–டி 18, மூன்றும் கலந்து 54. அந்த 54ஐயே 'சரி/தவறு' அறிவிப்பைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை, அறிவிப்பே இல்லாமல் ஒருமுறை. ஒரு தவறும் திரும்பச் செய்யாதவருக்கே 252 முயற்சி. முயற்சிக்கு 7 விநாடி என்று வைத்தால் அரை மணி நேரம். உண்மையில் பலருக்கு இதைப்போல இரண்டு மடங்கு ஆகும், நடுவில் ஓய்வு கொடுங்கள். அறிவிப்பைக் குறைக்காமல் நேரே தேர்வுக்குப் போனால் "திடீரென்று ஏன் சரி தவறு சொல்லவில்லை, நான் பிழை செய்கிறேனோ" என்று எண்ணி, சரியாகப் பழகியவர்களே விடையை மாற்றத் தொடங்குவார்கள்.

முகம் முனையிலா நடுவிலா என்ற கேள்விக்கு: உங்கள் அமைப்பில் பி–ஏ–சி–டி என்ற சங்கிலி இருக்கிறது. ஏ-யும் சி-யும் கணுக்கள், அதாவது இரண்டு உறுப்புகளை நடுவில் நின்று இணைப்பவை. முகத்துக்கும் டி-க்கும் நடுவே ஒரு கணு, பி-க்கும் டி-க்கும் நடுவே இரண்டு. கணு கூடக்கூட உணர்ச்சி நீர்த்துப்போகும், ஆகவே மதிப்பீட்டுக்கு டி-யை எடுத்தது சரியான கடினம். ஃபீல்ட்ஸ், ஆர்ன்ட்சென் குழுவினரின் 2012 ஆய்வு ஐந்து உறுப்புச் சங்கிலியின் நடுவில், அதாவது சி இடத்தில், அடையாளம் தெரிந்த படங்களை வைத்தது. எல்லாமே பொருளற்ற உருவமாக இருந்ததைவிட மிக அதிகம் பேருக்குத் தொகுதி உருவானது. பொருளுள்ள ஒன்று கணுவில் இருந்தால் அது சங்கிலியைப் பிடித்து நிறுத்துகிறது. உங்கள் முகங்கள் கணுவிலேயே இருக்கின்றன, நகர்த்தாதீர்கள்.

ஓடக்கரை

தச்சுக்கோல் சொன்னதில் ஒரு பாதிதான் இருக்கிறது. பொருளுள்ள தூண்டல் (காட்டும் படமோ சொல்லோ) எப்போதும் கைகொடுக்காது. அது ஏற்கெனவே சுமந்திருக்கும் தொடர்பு நீங்கள் கட்டும் தொடர்புக்கு எதிராக இருந்தால் கட்டவே விடாது.

1991இல் வாட், கீனன், பார்ன்ஸ், கெய்ர்ன்ஸ் ஆகியோர் வட அயர்லாந்துப் பின்னணியில் செய்த சோதனைதான் இதில் முதல் பாடம். அங்கே ஒருவரின் குடும்பப் பெயரைக் கேட்டாலே அவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று ஊகித்துவிடுவார்கள். கத்தோலிக்கப் பெயர்களைப் பொருளற்ற அசைகளோடும், அந்த அசைகளைப் புராட்டஸ்டண்ட் சின்னங்களோடும் பொருத்தப் பழக்கினார்கள். பிறகு சின்னத்தைக் காட்டி எந்தப் பெயர் என்று கேட்டார்கள். பழக்கிய வழியில் போனால் விடை கத்தோலிக்கப் பெயர். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அப்படியே எடுத்தார்கள். வட அயர்லாந்துக்காரர்களில் பலர், இரு சமயத்தாரும், பயிற்சியில் வராத புராட்டஸ்டண்ட் பெயரை எடுத்தார்கள். தனித்தனியாக ஏ–பி, பி–சி இரண்டையும் சரியாகக் கற்றவர்கள்தான் அவர்கள். கற்றலில் குறையில்லை, கடப்பில்தான் தடை.

1993இல் லெஸ்லி குழுவினர் இதே வடிவத்தைப் பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் எடுத்துப்போனார்கள். அச்சமூட்டும் சூழல்களின் பெயர்கள், நடுவில் பொருளற்ற அசை, மறுமுனையில் இனிய நிலையைக் குறிக்கும் சொற்கள். கோளாறு இல்லாதவர்களுக்குத் தொகுதி உருவானது. கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் தேர்வில் தடுமாறினார்கள்.

ஆகவே மின்மினி, உணர்ச்சி இந்தத் தொடர்பு வலைக்குள் எப்போது நுழைகிறது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். வலை கட்டும் முன்பே உணர்ச்சியோடு வரும் தூண்டல் கட்டுவதைத் தடுக்கலாம், உதவவும் செய்யலாம். வலை கட்டி முடித்தபின் ஒரு உறுப்பில் உணர்ச்சியை ஏற்றினால் அது மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் வடிவம் முதல் வகை. முதல் வகையின் தரவை வைத்து இரண்டாம் வகை முடிவை எழுதும் ஆய்வேடுகளை நிறையப் பார்க்க முடிகிறது.

மின்மினி

நன்றி சார், இந்தப் பிரிவு எனக்குத் தெளிவாக இல்லாமல்தான் இருந்தது. அப்படியானால் என் சோதனையில் பி, சி, டி மூன்றும் எந்தச் சுமையும் இல்லாத உருவங்கள், முகம் மட்டும்தான் சுமை. எதிர்ச்சுமை எதுவும் இல்லை. கோபத் தொகுதி தாமதமாக வர காரணம் இருக்கிறதா?

புங்கைநிழல்

இருக்கிறது, ஆனால் 'கோபம் என்பதால்' என்று எழுதும் முன் வேறு விளக்கங்களைக் கழித்துவிடுங்கள்.

டின்டல், ரோச், ஜேம்ஸ் மூவரின் 2009 ஆய்வில், வெறுப்பூட்டும் படங்களோடு முன்கூட்டி இணைத்துப் பழக்கிய தூண்டல்களை வைத்துத் தொகுதி கட்டியபோது தேர்வு முயற்சிகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. உணர்ச்சி குறுக்கிடுகிறது என்பது அவர்கள் வாசிப்பு. ஆனால் அதே குழுவின் 2004 ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் உணர்ச்சியே கிடையாது, 'இதை அழுத்து, அதை அழுத்தாதே' என்ற எளிய வேறுபடுத்தல்தான். அழுத்த வேண்டியவை என்று ஒரே பணியைச் சுமந்த உருவங்களை இரண்டு தொகுதியாகப் பிரிப்பது, பணி வேறுபாடும் தொகுதி வேறுபாடும் ஒத்துப்போகும் நிலையைவிடக் கடினமாக இருந்தது. அதாவது ஏற்கெனவே ஒரே கூட்டாக இருப்பவற்றைப் பிரித்து இரண்டு கூட்டில் போடச் சொல்கிறோம். தடை உணர்ச்சியாலா, ஒரே பணியைப் பகிர்ந்ததாலா?

மின்மினியின் வடிவத்தில் ஒரு தொகுதிக்கு ஒரே முகபாவம் என்பதால் இந்தச் சிக்கல் வராது. அவருக்கு வரக்கூடியது இதைவிடச் சாதாரணமானது: படத்தின் மேற்பரப்பு அடையாளம். சிரித்த முகத்தில் பல் தெரியும். வாய்ப் பகுதியில் வெள்ளைப் பட்டையாக அது கண்ணில் அடிக்கும். வாய் மூடிய கோப முகமும் வாய் மூடிய சாதாரண முகமும் ஓரளவு ஒன்றுபோல இருக்கும், வித்தியாசம் புருவத்தில் மட்டும். அப்போது ஏ1 எளிதாகவும் ஏ2, ஏ3 ஒன்றோடொன்று குழம்பியும் வரும். அதைக் கோபத்தின் விளைவென்று எழுதினால் தவறு. பயிற்சிப் பிழைகளை எடுத்துப் பாருங்கள். ஏ3க்குத் தவறியவர்கள் பி2 பக்கம் மட்டும் போயிருந்தால் அது முகத்தைப் பிரித்தறியாத பிழை, பி1, பி2 இரண்டுக்கும் சமமாகப் போயிருந்தால் வேறு காரணம் தேடலாம்.

முகத் தொகுப்புக்கு: எக்மன், ஃப்ரீசன் 1976இல் வெளியிட்டது 110 கறுப்பு வெள்ளைப் படங்கள். சுவீடனின் கரோலின்ஸ்கா தொகுப்பு 1998, 70 பேர், 7 முகபாவம், 5 கோணம், இரண்டு முறை எடுத்ததால் மொத்தம் 4900 படங்கள். இரண்டாவதில் தெரிவுக்கு இடம் அதிகம். ஒரே நபரின் முகம் மூன்று பாவத்திலும் வர வேண்டும், அப்படி நான்கு நபர்களையாவது எடுங்கள். இல்லையென்றால் 'கோபம்' என்பதற்குப் பதில் 'மூக்கு நீண்ட ஆள்' என்று பொருத்திவிடுவார்கள். நம் ஊர்ப் பங்கேற்பாளர்களுக்கு இவை அந்நிய முகங்கள் என்பதால், சோதனையில் சேராத 20, 30 பேரிடம் முன்கூட்டியே மதிப்பீடு வாங்கிவிடுங்கள். 'சாதாரண முகம்' என்று உறையில் எழுதியிருப்பதைப் பலர் 'முறைக்கிறார்' என்றே படிப்பார்கள். அந்தப் படங்களை நீக்கிவிட வேண்டும்.

சிரித்த முகத்தின் அனுகூலம் வெறும் பல் மட்டுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொர்த்தொலோத்தி குழுவினர் 2019இல் இதையே தனியாகச் சோதித்தார்கள். மகிழ்ச்சி முகம் உள்ள சமானத் தொடர்புகள் மேலோங்கி நின்றன. ஆகவே கோபத் தொகுதி பின்தங்கினால் 'கோபம் தடுத்தது' என்றும் வாசிக்கலாம், 'மகிழ்ச்சி முந்தியது' என்றும் வாசிக்கலாம். ஏ2 தொகுதி எங்கே நிற்கிறது என்பதுதான் தீர்ப்பு. ஏ2வும் ஏ3யும் சேர்ந்து பின்தங்கினால் கோபத்தின் மேல் பழி போட முடியாது.

செங்காந்தள்

மதிப்பீட்டு அளவுகோல் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கு அங்கேதான் கவலை.

உளவியலாளர் ஆஸ்குட் 1957இல் வகுத்த இந்த எதிர்ச்சொல் அளவுகோலை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் திசை மாறிவிடும். 'சூடான – குளிர்ந்த' என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டுக்காரருக்குச் சூடு அன்பு, குளிர் விலகல். நமக்கு மனம் குளிர்கிறது, வயிறு குளிர்கிறது, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. சூடாகப் பேசினான் என்றால் கோபமாகப் பேசினான். கோப முகத் தொகுதியின் டி3 'சூடான' பக்கம் சாய்ந்தால், மூல அளவுகோலின் மதிப்பெண் முறைப்படி அது நேர்மறை மதிப்பெண்ணாகக் கணக்கில் ஏறும். தரவு முழுவதும் கலங்கிப்போகும். 'கனமான – லேசான' இணையும் அப்படியே. கனமான மனிதர் என்றால் மதிப்பு, மனசு கனமாக இருந்தால் துயரம்.

'மகிழ்ச்சியான – சோகமான' என்பதை மட்டும் நம்பாதீர்கள், கோபம் சோகம் இல்லை. 'சாந்தமான – ஆவேசமான' என்ற இணை கோபத்தை நேராகப் பிடிக்கும். 'நல்ல – கெட்ட', 'இனிய – வெறுப்பான', 'நட்பான – பகையான', 'மென்மையான – முரடான' இவை பாதுகாப்பானவை. 'வேகமான – மெதுவான' வையுங்கள், ஏனென்றால் மகிழ்ச்சியும் கோபமும் இரண்டுமே விறுவிறுப்பு அதிகம் உள்ளவை, சாதாரண முகம் மட்டும் அங்கே தனியாக விழும். மூன்று தொகுதியும் மூன்று திசையில் பிரிவதைக் காட்ட அது தேவை. மொத்தம் 10 முதல் 13 இணை போதும், 7 புள்ளி, பாதி இணைகளில் நல்ல பக்கம் இடதுபுறம், மீதியில் வலதுபுறம்.

உருவங்கள் விஷயத்திலும் ஒன்று. மேலை ஆய்வுகளில் 'பொருளற்றவை' என்று அரபி எழுத்துகளை வைப்பார்கள். இங்கே ஓதிப் பழகியவர்களுக்கு அவை பொருளுள்ளவை. மலையாளம், தெலுங்கு, கிரந்தம் எதுவும் ஆகாது. மூன்றெழுத்துப் பொருளற்ற அசை தமிழில் செய்வதும் எளிதல்ல, எதைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு சொல்லின் பாதியாகக் காதில் விழும். புதிதாக வரைந்த கறுப்பு உருவங்களே நல்லது, அவற்றையும் பயிற்சிக்கு முன் மதிப்பிட வைத்து நடுப்புள்ளியை ஒட்டி விழுபவற்றை மட்டும் எடுங்கள். கூர்முனை உள்ள உருவம் தானாகவே முரட்டுப் பக்கம் சாயும். எந்த உருவம் டி1, எது டி3 என்பதைப் பங்கேற்பாளருக்குப் பங்கேற்பாளர் மாற்றிவிடுங்கள்.

மின்மினி

செங்காந்தள் அக்கா, 'சூடான – குளிர்ந்த' என் பட்டியலில் இருந்தது. நீக்கிவிட்டேன். நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

ஓடக்கரை

இன்னொரு ஓட்டை. மதிப்பீடு வாங்கும் முன் ஏ–டி தேர்வு வைக்கிறீர்களா? வைக்கவே கூடாது. ஏ3 மாதிரியாக வந்து, டி3யைத் தேர்ந்தெடுத்தால், முகமும் டி3யும் ஒரே முயற்சியில் சேர்ந்துவிட்டன. 'ஒருமுறைகூடச் சேராதது' என்று இனி எழுத முடியாது. மதிப்பீட்டுக்கு முன் பி–டி 18, டி–பி 18 மட்டும், 36க்கு 33 சரி என்றால் தொகுதி உருவானது. குருட்டாம்போக்கில் விழுவது 12தான். முதல் தேர்வில் தவறுபவருக்கு அதே தேர்வை, அறிவிப்பு இல்லாமல், இன்னும் இருமுறை கொடுங்கள். திரும்பத் தேர்வெழுதும்போதே தொடர்பு முளைப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. சமச்சீர்த் தேர்வுகளை மதிப்பீட்டுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்.

புங்கைநிழல்

ஓடக்கரையோடு ஒத்துப்போகிறேன், ஆனால் அதோடு பிரச்சினை தீரவில்லை. ஒரு கடுமையான வாசகர் இப்படிக் கேட்பார்: ஏ3 முகத்துக்கு அடுத்து சி3 பலமுறை வந்தது, சி3க்கு அடுத்து டி3 வந்தது. இது பாவ்லோவ் வழி இணைப்பு (அடுத்தடுத்துத் தோன்றுவதாலேயே ஒன்றுக்கான பதில் மற்றதற்கும் ஒட்டிக்கொள்வது) மட்டும்தானே, குறியீடு எங்கே வந்தது?

தச்சுக்கோல்

பாவ்லோவ் வழி இணைப்பாக இருந்தால் சி3 முன்னால் வந்து முகத்தை முன்னறிவிக்க வேண்டும். இங்கே முகம் முன்னால், உருவம் பின்னால். டி3யும் சி3க்குப் பின்னால். பின்னோக்கிய இணைப்பு பலவீனமானது, அதுவும் இரண்டு படி பின்னோக்கிப் போனால் இவ்வளவு மதிப்பெண் வராது. பங்கேற்பாளர் சமச்சீராகத் திருப்பிப் பிடித்திருந்தால்தான் வரும்.

புங்கைநிழல்

விருப்பு வெறுப்பு இணைப்பில் திசை அவ்வளவு கறாராக இல்லை, சேர்ந்து தோன்றினாலே மதிப்பு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஆகவே வாதத்தால் இதை மூட முடியாது, தரவால்தான் மூட வேண்டும். அந்தத் தரவு மின்மினியின் கையிலேயே இருக்கப் போகிறது. பயிற்சியை முழுமையாக முடித்தும் பி–டி தேர்வில் தவறியவர்கள் சிலர் இருப்பார்கள். முகத்தையும் உருவத்தையும் சேர்த்துப் பார்த்த எண்ணிக்கையில் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுடைய டி3 மதிப்பீடு நடுப்புள்ளியில் நின்று, தேர்ச்சி பெற்றவர்களின் டி3 மட்டும் சாய்ந்திருந்தால், வெறும் இணைப்பு என்ற விளக்கம் பெரிதும் வலுவிழக்கும். இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தால் நான் சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, தேர்ச்சி பெறாதவர்களைத் தரவிலிருந்தே தூக்கிவிடுவது. உணர்ச்சி தொகுதியைக் கலைக்கிறதா என்று கேட்டுவிட்டு, கலைந்துபோனவர்களை நீக்கிவிட்டால் என்ன விடை மிஞ்சும்?

தச்சுக்கோல்

ஏற்கிறேன். தேர்ச்சி பெறாதவர்களுக்கும் மதிப்பீட்டுத் தாள் கட்டாயம். கூடவே பயிற்சியே எடுக்காத ஒரு குழு முகங்களையும் உருவங்களையும் மதிப்பிடட்டும். டி-யின் மதிப்பீட்டை ஒப்பிட வேண்டிய அளவுகோல் அந்தக் குழு முகங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்தான்.

வெள்ளாறு

மதிப்பீட்டுத் தாளில் குறிப்பது நாகரிகத்துக்காகவும் இருக்கலாம், உடல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் தோல் மின்கடத்தல் (கிளர்ச்சியில் வியர்வை கூடும்போது தோலில் மின்சாரம் எளிதாகப் போவது) அளக்க வேண்டும். இது ஓடக்கரை சொன்ன இரண்டாம் வகைக் கேள்விக்கு உரியது. தனிச் சோதனையாகவே வையுங்கள், முகச் சோதனையோடு கலக்காதீர்கள்.

டௌகர் குழுவினர் 1994இல் காட்டிய வழி: முதலில் எல்லாமே பொருளற்ற உருவங்களாக, நான்கு உறுப்புள்ள இரண்டு தொகுதிகளைக் கட்டினார்கள். பிறகுதான் பி1ஐ மின்னதிர்ச்சியோடு இணைத்தார்கள், பி2வை இணைக்கவில்லை. அதிர்ச்சியே காணாத சி1, டி1க்குப் பெரும்பாலானவர்களின் தோல் பதில் கொடுத்தது, சி2, டி2க்குக் கொடுக்கவில்லை. இரண்டாம் சோதனையில் ஒரு உறுப்பை மட்டும் அதிர்ச்சியில்லாமல் திரும்பத் திரும்பக் காட்டித் தணித்ததும் தொகுதியின் மற்ற உறுப்புகளும் தணிந்தன.

2007இல் அதே டௌகர் இன்னொரு குழுவோடு செய்தது என் கணிப்பில் இந்தத் துறையின் மிக முக்கியமான சோதனை. ஏ சிறியது, பி நடுத்தரம், சி பெரியது என்று பொருளற்ற உருவங்களுக்குத் தொடர்பு கற்பித்தார்கள். உருவங்களின் உண்மை அளவில் வேறுபாடு இல்லை. பி-யை மட்டும் அதிர்ச்சியோடு இணைத்தார்கள். அதிர்ச்சியே காணாத சி-க்கு, பி-யைவிடப் பெரிய பதில் வந்தது. உணர்ச்சி வெறுமனே நகலாகப் போகவில்லை, தொடர்பின் வகைக்கு ஏற்ப உருமாறிப் போகிறது. மொழியையும் பொருளையும் இத்தகைய கற்ற தொடர்புகளாக விளக்கும் தொடர்புச் சட்டகக் கோட்பாட்டுக்காரர்கள், தூண்டலின் பணி அப்படியே மற்றொன்றுக்குப் போவதைக் குறிக்கும் 'பணிமாற்றம்' என்ற சொல்லுக்குப் பதில் 'பணி உருமாற்றம்' என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அளக்கும் முறை: வலக்கைக்காரருக்கு இடக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகள், 0.5 வோல்ட் நிலை மின்னழுத்தம். பசை 0.05 மோலார் சோடியம் குளோரைடு. இசிஜி பசையை எடுத்துத் தடவாதீர்கள், அதில் உப்பு அதிகம், அடிநிலை தவறாக ஏறிவிடும். சானிடைசர் போட்டுத் துடைத்தால் தோல் வறண்டு பதில் சுருங்கும், சாதாரணமாகக் கை கழுவினால் போதும். பொருத்தியபின் 5 நிமிடமாவது சும்மா உட்கார வையுங்கள். கோடைப் பகலில் வெயிலில் நடந்து வந்தவரை உடனே உட்கார வைத்தால் அடிநிலையே உச்சத்தில் இருக்கும், குளிரூட்டிய அறையில் கூடுதல் நேரம் கொடுங்கள்.

உருவம் தோன்றி 1 முதல் 4 விநாடிக்குள் தொடங்கும் ஏற்றத்தை மட்டும் கணக்கில் எடுங்கள், குறைந்தது 0.05 மைக்ரோசீமன்ஸ். இரண்டு தோற்றங்களுக்கு நடுவே 20 முதல் 40 விநாடி இடைவெளி, அதுவும் மாறி மாறி. பெருமூச்சு, இருமல், கை அசைவு மூன்றுமே போலி ஏற்றம் தரும், குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் தோற்றத்துக்கு வரும் பதில் புதுமையால் வருவது, அதைச் சேர்க்காதீர்கள். டி1ஐ இரண்டு மூன்று முறைக்கு மேல் காட்டினால் அதிர்ச்சி வராததால் அதுவே தணிப்பாகிவிடும்.

அதிர்ச்சியின் அளவை ஒவ்வொருவரும் தாமே கூட்டிக்கொண்டு போய் 'தொந்தரவாக இருக்கிறது, வலிக்கவில்லை' என்னும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதய நோய், கர்ப்பம், வலிப்பு உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் மின்முனையைக் கையில் எடுக்கவே கூடாது.

நெல்லிமரம்

ஒரு உறுப்பைத் தணித்தால் மற்றவையும் தணியும் என்றால், பயத்துக்கான சிகிச்சையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தணித்தால் போதும் என்று ஆகிவிடாதா?

வெள்ளாறு

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது நெல்லிமரம். பின்வந்த சில ஆய்வுகளில் ஒரு சாய்வு தெரிகிறது. அதிர்ச்சியோடு நேரடியாக இணைந்த உறுப்பைத் தணித்தால் மற்றவற்றுக்கும் தணிவு போகிறது. தொடர்பு வழியே பயம் வந்து சேர்ந்த உறுப்பைத் தணித்தால், மூல உறுப்பின் பயம் அவ்வளவாகக் குறைவதில்லை. பயம் போன வழியிலேயே தணிவும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 'நாய்' என்ற சொல்லைக் கேட்டுப் பதறாமல் பழகியவர் தெருவில் நாயைக் கண்டால் பதறத்தான் செய்வார். அவரை மெல்ல மெல்ல நாயின் அருகிலேயே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஓடக்கரை சொன்ன 1993 ஆய்வையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். பதற்றக் கோளாறு உள்ளவரிடம் 'இந்தச் சூழல் இனியது' என்று புதிய தொடர்பு கட்டப் பார்ப்பது, கடப்பு தடைபடும் இடத்திலேயே கட்டப் பார்ப்பது. பழைய தொடர்பு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

மின்மினி

எல்லோர் சொன்னதையும் வைத்து மாற்றியது இது. முகங்கள் ஏ இடத்திலேயே, நான்கு நபர்கள், மூன்று பாவத்திலும் வாய் மூடிய படங்கள். 2 விநாடித் தாமதம், மூன்று தெரிவு. மூன்று குழு: உணர்ச்சி முகக் குழு, மூன்று தொகுதிக்கும் உணர்ச்சியற்ற வெவ்வேறு நபர்களின் முகம் வைத்த குழு, பயிற்சி இல்லாத மதிப்பீட்டுக் குழு. பி–டி, டி–பி தேர்வு மூன்று முறை வரை, உடனே டி மதிப்பீடு, அதன்பின்தான் சமச்சீரும் ஏ–டியும். தேர்ச்சி பெறாதவர்களுக்கும் மதிப்பீடு. தோல் அளவீடு இந்தச் சோதனையில் இல்லை.

புங்கைநிழல்

இரண்டாவது குழுவைச் சேர்த்தது மிக நல்ல முடிவு. முகம் என்பதாலா, முகத்தின் உணர்ச்சியாலா என்பதை அதுதான் பிரிக்கும். வாய் மூடிய சிரிப்பு என்றால் முன்மதிப்பீட்டில் 'சாதாரணம்' பக்கம் சரியும் படங்கள் வரும், கூடுதலாகப் படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடக்கரை

முடிந்தால் ஆறு வாரம் கழித்துப் பயிற்சி எதுவும் கொடுக்காமல் பி–டி தேர்வையும் டி மதிப்பீட்டையும் மறுபடி வாங்குங்கள். பொருத்துதல் நின்று மதிப்பீடு கரைந்ததா, மதிப்பீடு நின்று பொருத்துதல் கரைந்ததா என்பது தனியாக ஒரு அத்தியாயம் எழுதத் தகும். அதற்குப் பங்கேற்பாளரின் தொடர்பு எண்ணும், திரும்ப அழைக்க ஒப்புதலும் முதல் நாளே படிவத்தில் இருக்க வேண்டும். பின்னால் கேட்டால் நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போக வேண்டிவரும்.